வெல்லம் கலக்காத பேச்சு

திருப்பூருக்கு வந்து மூன்று வருடத்தில் மினதியை யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஒடிசாவில் இருந்த தங்கை இதிஸ்ரீயிடம் போனில் அவள் இதைப் பெருமையாகச் சொல்வாள். "இங்கே எல்லாரும் தங்கமானவங்க. வீட்டுக்காரம்மா சாந்தாமணியக்கா இருக்காங்களே, குழாயை மூடும்போதுகூட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் மூடுவாங்க."

சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் அவளுக்கே ஒரு சந்தேகம் வரும். தங்கமானவர்களின் முகம் ஏன் எப்போதும் சுண்டியிருக்கிறது?

காலையில் லைன் வீட்டுக் குழாயடியில் குடத்தோடு நிற்பாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாந்தாமணி வருவாள். மூக்கு விடைத்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். ஆனால் மினதியின் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் காதுமணி, இழைத்த ஒடியா மொழியில் சொல்லும்: "அன்புள்ள குடியிருப்பாளரே, நீரைச் சற்றுச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் மகிழ்வேன்."

எட்டு அறைகள் கொண்ட லைன் வீடு அது. ஏழில் ஆள் இருந்தார்கள். எட்டாம் நம்பர் பூட்டிக் கிடந்தது. அம்மா இறந்தபின் ஊரில் தனியாகிவிட்ட இதிஸ்ரீயை வரவழைக்க மினதி ஒரு வருடமாக அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் வெளிமாநிலத்தவர் யாரும் ஊருக்குள் பதிவு செய்ய முடியாது என்று சட்டம் வந்திருந்தது. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஒரே பதில்தான்: "தங்கள் விருப்பத்தை மதிக்கிறேன். தற்சமயம் இயலாமைக்கு வருந்துகிறேன்."

ஏன் இயலாது என்று ஒருநாள் கோபமாகவே கேட்டாள். சாந்தாமணி அதற்கும் வருந்தினாள். வருந்துகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒரு வியாழக்கிழமை துணி அலசும்போது காதுமணி நழுவி சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. எடுத்து உதறிக் காதில் வைத்தால் கரகரவென்று இரைச்சல். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஷீரின் ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பஷீருக்கு நாற்பது வயது இருக்கும். மணியைப் பிரித்து, ஊதி, ஏதோ ஒன்றைத் தட்டி, மறுபடி மூடினான். காதில் மாட்டச் சொல்லிவிட்டுப் பேசினான்.

"மொழிபெயர்ப்பு வேலை செய்யுதுக்கா. ஆனா வெல்லம் போயிருச்சு."

"என்ன வெல்லம்?"

பஷீர் அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு யாரும் சொல்லலையா? இது ரெண்டு வேலை பண்ணும். ஒண்ணு, அவங்க பாஷைய உங்க பாஷையாக்கும். இன்னொண்ணு, அதுல இருக்கிற திட்டு, குத்தல், கேலி எல்லாத்தையும் எடுத்துட்டு மரியாதையாக்கிக் குடுக்கும். பத்து வருஷம் முன்னாடி வெளியூராளுங்களுக்கும் உள்ளூராளுங்களுக்கும் கலவரம் ஆச்சில்ல, அதுக்கப்புறம் எல்லா மணியிலயும் இதைச் சேர்க்கணும்னு சட்டம் போட்டாங்க. கவர்மென்ட்டுல அதுக்குப் பேரு இணக்கப் பூச்சு. நாங்க வெல்லம்னு சொல்லுவோம்."

"அப்போ என்கிட்ட இத்தனை நாள் பேசினது..."

"நெஜமாப் பேசினது வேற. நீங்க பேசினதும் அவங்க மணியில வெல்லம் தடவித்தான் போயிருக்கும்." பஷீர் பேச்சை மாற்றினான். "பார்ட் வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் இப்படியே போடுங்க. கேக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

கடையை விட்டு இறங்கி நூறடி நடப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

டீக்கடையில் ஒருவன், "வந்துட்டாளுக பாரு, ரயிலு ரயிலா" என்றான். தினமும் அவளைப் பார்த்ததும் தலையசைப்பவன்தான். அவன் வணக்கம் சொல்வதாக நினைத்து மூன்று வருடமாக அவளும் கும்பிட்டிருக்கிறாள். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், அவள் தைத்த பீஸைத் தூக்கிப் பார்த்து, "இந்தக் காட்டுக் கும்பலுக்கு ஊசி நூலே அதிகம்" என்றான். ஓவர்லாக் மிஷினில் குனிந்து உட்கார்ந்திருந்த மினதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. தையல் கோணிக்கொண்டு போயிற்று.

அப்போது பக்கத்து மிஷினிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்கண்ணு, ஏன் மூஞ்சி வாடிக் கெடக்குது? அந்தக் கருங்கொரங்கு சொன்னதையெல்லாம் காதுல போட்டுக்காத. உன்ற கைக்கு இந்த லைன்ல ஈடு எவ இருக்கறா?"

ரேணுகா. உள்ளூர்க்காரி. மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறாள். மினதியின் மணி அவளைச் "சக ஊழியரே" என்றுதான் பேச வைத்திருக்கிறது. "சக ஊழியரே, தங்கள் பணித்திறன் நன்று." ஏதோ கடமைக்குச் சொல்கிறாள் என்று மினதியும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

"என்னை எப்படிக் கூப்பிட்ட?"

"கண்ணுன்னுதான். எப்பவும் அப்படித்தான கூப்படறேன்?"

கண்ணு! கருங்குரங்கைத் தூக்கி எறியப் போன வெல்லம், கண்ணையும் சேர்த்துத் தூக்கி எறிந்திருக்கிறது. மினதி மிஷினை நிறுத்திவிட்டு ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று ரேணுகாவுக்குப் புரியவில்லை. அவள் மணிக்கு அழுகையை மொழிபெயர்க்கத் தெரியாது. ஆனால் கையை உருவிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் சாந்தாமணியின் உண்மையான குரலை மினதி முதன்முறையாகக் கேட்டாள்.

"வாய் செத்த பொணங்களா வந்து என்ற வீட்டுல குடியேறியிருக்குதுக. குடம் குடமாத் தண்ணி மட்டும் உள்ள போகுது. என்ன கேட்டாலும் 'நன்றி, மகிழ்ச்சி'. உங்களுக்கெல்லாம் உப்பு ஒறைப்பே கெடையாதா?"

மினதி குடத்தைக் கீழே வைத்தாள். ஒடியாவில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். சாந்தாமணி தன் காதுமணியைத் தொட்டுக்கொண்டே அலுப்போடு சொன்னாள்: "பாரு, இப்பவும் 'தங்கள் கருத்துக்கு நன்றி'ங்கறா."

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், மினதி மறுபடி பஷீர் கடைக்குப் போனாள். "அவங்க மணியில வெல்லத்தை எடுக்க முடியுமா?"

"அவங்க கொண்டு வந்தாத்தான் முடியும்."

"அவங்க காதுல மணி இருக்கும்போதே நான் திட்டறது திட்டாவே கேக்கணும். வழி இருக்கா?"

பஷீர் சிரித்தான். "ஒரே வழிதான். தமிழ்ல திட்டணும். மணி வேத்து பாஷையத்தான் தொடும். சொந்த பாஷையில வர்றதை அப்படியே விட்டுரும். புருசன் பொண்டாட்டிய திட்டறதையெல்லாம் திருத்த ஆரம்பிச்சா அது தாங்காதுல்ல?"

மினதிக்குத் தெரிந்த தமிழ் அங்கங்கே பொறுக்கிய சில வார்த்தைகள்தான். மணி இருக்கும்போது படிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ரேணுகாவிடம் போய் உட்கார்ந்தாள். "எனக்குத் திட்டக் கத்துக் குடு."

ரேணுகா விழித்தாள். "விமர்சனம் கற்பியுங்கள்னு கேக்குது. என்ன விமர்சனம்? சினிமாவுக்கா?"

மினதி எழுந்து நின்றாள். சாந்தாமணியைப் போல இடுப்பில் கை வைத்து, மூக்கை விடைத்து, சுட்டுவிரலை நீட்டி, ரேணுகாவின் டிபன் பாக்ஸைப் பார்த்து வாயசைத்துக் காட்டினாள். ரேணுகாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"அட, இதுக்கா! யாரடி திட்டப் போற? வீட்டுக்காரியவா? உக்காரு, உக்காரு."

விஷயம் தையல் லைன் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு திட்டு சொன்னார்கள். இது ரொம்ப அசிங்கம், வேண்டாம். இது பத்தாது, உப்புச் சப்பில்லாம இருக்குது. இதைச் சொல்லும்போது கையை இப்படித் தட்டணும் என்று ஒரே அமர்க்களம். அஸ்ஸாமிலிருந்து வந்த ஒருத்தி தானும் கற்றுக்கொள்கிறேன் என்று முன்னால் வந்து உட்கார்ந்தாள். கடைசியில் மூன்று வாக்கியம் முடிவாயிற்று. மினதி அவற்றை ஒடியா எழுத்தில் கையில் எழுதிக்கொண்டு, மிஷின் ஓடும் தாளத்துக்கு முணுமுணுத்தபடியே தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மினதியின் முறை வரும்போது சரியாகத் தண்ணீர் நின்றது. சாந்தாமணி மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

மினதி குடத்தைத் தரையில் ணங்கென்று வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள். தமிழில் ஆரம்பித்தாள்.

"ஏனக்கா, உங்களுக்கு மனசாட்சி இருக்குதா இல்ல அதையும் வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

குழாயடியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"நானும் காசு குடுத்துத்தான் குடியிருக்கேன். ஓசியில இல்ல!"

மூன்றாவது வாக்கியம் மறந்துபோயிற்று. கையைப் பார்த்தாள். வியர்வையில் மை கரைந்திருந்தது. தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்த்தாள்.

"உங்க குழாயில தண்ணி ஓடல. உங்க வாயில மட்டும் சாக்கடை ஓடுது. இருபத்திநாலு மணி நேரம்!"

சாந்தாமணியின் முகம் சிவந்தது. பிறகு, யாரும் எதிர்பாராதபடி, அவள் கண்கள் பளபளவென்று ஒளிர்ந்தன.

"அடியே! உனக்குப் பேச வருமா?"

"வரும்! நல்லா வரும்!"

"வாடி அப்ப. வா, இன்னைக்குப் பேசிப் பாத்துரலாம். உங்காளுக வந்த பொறவுதான்டி என்ற மகனுக்குக் கம்பெனியில வேலை போச்சு!"

வெல்லம் போன மணி மினதிக்கு இதை அப்படியே சொல்லிற்று. "உங்க மகன் வேலை நான் எடுக்கல. மிஷின் எடுத்துச்சு. அடுத்த வருஷம் என் வேலையும் எடுக்கும். அப்ப நான் யாரைத் திட்ட?"

சாந்தாமணி அதற்குப் பதில் தேடுவதற்குள் மினதிக்கு வேகம் வந்துவிட்டது. தமிழ் தீர்ந்துபோய் ஒடியாவில் பொரிந்து தள்ளினாள். சாந்தாமணி கையைத் தூக்கித் தடுத்தாள்.

"ஏய், ஏய், தமிழ்லயே திட்டு! அந்தப் பேச்சுல திட்டுனா இந்தக் கருமம் 'தங்கள் பண்பு போற்றத்தக்கது'ங்குது. உன்ற மூஞ்சி ஒண்ணு சொல்லுது, இது ஒண்ணு சொல்லுது." காதிலிருந்து மணியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இப்பச் சொல்லு."

அரை மணி நேரம் நடந்தது அந்தச் சண்டை. தமிழ் போதாத இடத்தில் மினதி கையாலும் முகத்தாலும் திட்டினாள். குடத்துக்கு, கோலத்துக்கு, மீன் வாசத்துக்கு, போனில் சத்தமாகப் பேசுவதற்கு என்று மூன்று வருடப் பாக்கி எல்லாம் வந்தது. நடுவில் சாந்தாமணியின் குரல் திடீரென்று இறங்கியது.

"அதெல்லாம் போகட்டும். என்ற வூட்டுக்காரரு செத்தாரே, போன வருஷம் ஆடி மாசம். ஏழு ரூம்காரரும் வரிசையா வந்து நின்னு 'ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல்'னீங்க. மிஷினு மாதிரி. நீயுந்தான். ஒருத்தருக்காச்சும் ஈரமிருந்துச்சா? அன்னைக்குத்தான் நெனச்சேன், இதுக மனுசங்க இல்ல, பொம்மைங்கன்னு. எட்டாம் நம்பரை அதுக்குத்தான் பூட்டி வெச்சேன். இன்னொரு பொம்மை எதுக்கு?"

மினதிக்கு அந்த நாள் நினைவிருந்தது. சாந்தாமணியின் கணவர் சென்னியப்பன் தினமும் காலையில் ரசத்தில் உப்பில்லை என்று மனைவியிடம் கத்துவார். அவளும் பதிலுக்குக் கத்துவாள். லைன் வீடு முழுக்கக் கேட்கும். மணி மாட்டாத காதில் வார்த்தை புரியாவிட்டாலும் அதில் இருந்த பிரியம் மினதிக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவள் தினமும் கண் விழித்தாள்.

"நான் அது சொல்லல" என்றாள் மெதுவாக. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினாள். "நான் அழுதேன். அழுதுட்டுச் சொன்னேன்... 'இனி உங்களை யாரு திட்டுவா, அக்கா?' அதுதான் சொன்னேன்."

திட்டு என்ற சொல் அதில் இருந்திருக்கிறது. மணி அதை மரியாதையில்லாத பேச்சு என்று கணக்கிட்டு, எடுத்துப் போட்டுவிட்டு, இரங்கலை வைத்திருக்கிறது.

சாந்தாமணி குழாயடிக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். மினதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து சாந்தாமணி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். உள்ளே போய் மோட்டாரைப் போட்டாள். வெளியே வந்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி மினதியின் மடியில் போட்டாள்.

"எட்டாம் நம்பரு ஒரே குப்பையாக் கெடக்குது. கூட்டிப் பெருக்கிக்க. நான் பெருக்க மாட்டேன். கையெழுத்துக்கு எங்க வரணும்?"

திங்கட்கிழமை பஷீர் கடைக்கு மினதி போனது தனியாக இல்லை. கூடவே சாந்தாமணி, ரேணுகா, லைன் வீட்டிலிருந்து நாலு பேர். எல்லார் கையிலும் காதுமணி.

"வெல்லம் வேண்டாம். இவங்களுக்கும் எடுத்துருங்க" என்றாள் மினதி. "எனக்கு வந்த பார்ட்டைத் திருப்பி அனுப்பிருங்க."

பஷீர் தலையைச் சொறிந்தான். "பார்ட்டுன்னு ஒண்ணு கெடையாதுக்கா. அன்னைக்கே வெல்லத்தைப் போட்டிருக்கலாம். நான்தான் போடல. ரிப்பேருக்கு வர்ற எல்லாருக்கும் அப்படித்தான். நீங்க பதினேழாவது ஆளு."

"ஏன்?"

"நான் ஆறு வருஷம் ஜப்பான்ல வேலை பாத்தேன். இதே மணிதான். ஆறு வருஷத்துல ஒருத்தன்கூட என்னைத் திட்டல. ஊருக்குத் திரும்பும்போது ஒருத்தன்கூட வழியனுப்ப வரல." அவன் சாந்தாமணியின் மணியை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தான். "பதினேழு பேர்ல அஞ்சு பேரு திரும்பி வந்து வெல்லம் போட்டுக்கிட்டாங்க. தாங்க முடியலைன்னாங்க. அவங்களையும் தப்புச் சொல்ல முடியாது."

"எனக்கும் தாங்க முடியாதுதான்" என்றாள் மினதி. "டீக்கடையில நிக்கறவன் இன்னும் அதேதான் சொல்றான். ஆனா இப்ப அவனுக்கு நான் கும்பிடு போடறதில்ல."

இதிஸ்ரீயின் ரயில் புரட்டாசியில் ஒரு மத்தியானம் வந்தது. தானும் ஸ்டேஷனுக்கு வருவேன் என்று சாந்தாமணி பிடிவாதம் பிடித்தாள். வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை.

ரயிலடியில் புதிதாக வருகிறவர்களுக்கு அரசாங்க ஆட்கள் காதுமணி மாட்டிவிட்டார்கள். இதிஸ்ரீ பத்தொன்பது வயதுப் பெண். மணி மாட்டிய காதோடு, துணி மூட்டையோடு, மிரண்ட கண்ணோடு கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். அக்காவைக் கண்டு ஓடி வருவதற்குள் சாந்தாமணி முன்னால் போய் நின்றுகொண்டாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஏத்தே டேரி காஹிங்கி?"

இவ்வளவு நேரம் ஏன்? ஒடியாதான். உச்சரிப்பு முழுக்கக் கொங்கு. பிறகு ரயிலைக் கைகாட்டி, அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாயா என்று நடித்தும் காட்டினாள். இதிஸ்ரீ களுக்கென்று சிரித்தாள். வழியெல்லாம் முணுமுணுத்தது எதை என்று மினதிக்கு இப்போதுதான் புரிந்தது. ஏழாம் நம்பரில் இருக்கும் ஒடியாக்காரியிடம் ஒரு வாரமாகப் பாடம் கேட்டிருக்கிறாள் இந்த அக்கா!

"உன்ற பேரு என்ன, இதுசிரியா? இது நல்லாத்தான் சிரிக்குது" என்று சொல்லிக்கொண்டே சாந்தாமணி மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். மூவரும் கம்பியைப் பிடித்து நின்றார்கள். சாந்தாமணி கற்றுக்கொண்ட ஒடியா முழுவதையும் இறக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா, தண்ணீர் வேண்டுமா, உன் அக்கா ஒரு வாயாடி. பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் மூட்டையையும் அவளையும் ஏற இறங்கப் பார்த்தார். திட்டு அவர்கள் காதில் திட்டாகக் கேட்காது என்ற தைரியத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகவே சொன்னார்.

"இந்தக் கெழவியையும் ரயிலேத்தி அனுப்பிட்டானுங்க பாருங்க. அங்க சோத்துக்கில்லாம இங்க வந்து நம்ம உசுரை வாங்குதுக. மூட்டையும் அதுகளும், நாத்தம்."

சாந்தாமணியின் பேச்சு நின்றது. மினதி அவள் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் வராத குழாயைத் திறந்துவிட்டுப் பார்ப்பவர்கள் முகம் போல ஒரு நிமிடம் அது வெறுமையாக இருந்தது. இந்த வார்த்தைகளையெல்லாம் சொல்லித்தான் சாந்தாமணிக்குப் பழக்கம். வாங்கிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

பிறகு அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"ஏஞ்சாமி, நாத்தம் மூட்டையில இருந்து வருதா, உன்ற வாயில இருந்து வருதான்னு மோந்து பாத்துச் சொல்லு."

வெள்ளைச் சட்டைக்காரர் அதிர்ந்து எழுந்தார். "ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா, நீங்க நம்மூருன்னு தெரியாமப் போச்சு."

"தெரியாததும் நல்லதாப் போச்சு. தெரிஞ்சிருந்தா பல்லைக் காட்டியிருப்ப. இப்பத்தான் வாயை முழுசாப் பாத்தேன்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். சாந்தாமணி மினதி பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டாள்: "இப்படித்தான் இருக்குமா, கண்ணு?"

"இப்படித்தான் இருக்கும், அக்கா."

சாந்தாமணி, கம்பியைப் பிடித்திருந்த மினதியின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

நடந்த எதுவும் புரியாமல் இதிஸ்ரீ அக்காவின் காதோரம் குனிந்தாள். "அக்கா, நீ சொன்னது சரிதான். இந்த ஊர்ல என்ன மரியாதை! அந்த ஐயா நம்மளை வரவேற்கிறார். இந்த அம்மா அவரோட ஆரோக்கியத்தை விசாரிக்கிறாங்க."

மினதி சிரிப்பை அடக்க முடியாமல் கம்பியில் சாய்ந்தாள். கண்ணில் நீர் வழிய வழிய அதைத் தமிழில் சாந்தாமணிக்குச் சொன்னாள்.

சாந்தாமணி கையை நீட்டி, இதிஸ்ரீயின் காதிலிருந்து மணியைப் பக்குவமாகக் கழற்றி எடுத்தாள்.

"அர்த்தத்தை வீட்டுக்குப் போய் நான் சொல்லிக்கறேன். மொதல்ல சத்தம் கேக்கட்டும்" என்றாள். வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தாள். "உக்காரு சாமி. எங்க வூட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குது, எங்க சொந்தக்காரப் புள்ள. நீ பேசினதை இன்னொருக்கா மொதல்ல இருந்து ஆரம்பி பாக்கலாம்."